கேட்டீர்களே: தரங்கம்பாடிக் கோட்டைக்கு முன்னும் பின்னும்

போன இதழ் அட்டையில் தரங்கம்பாடிக் கோட்டைப் படம் போட்டாலும் போட்டோம், கடிதம் மேல் கடிதமாக வந்துகொண்டிருக்கிறது. சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். இந்த வாரம் முழுக்க தரங்கம்பாடிதான்.

கேள்வி: டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்பு தரங்கம்பாடி வெறும் மீனவக் குப்பமாகத்தான் இருந்தது என்று சுற்றிக் காட்டியவர் சொன்னார். உண்மையா? (வாசகர், மயிலாடுதுறை)

கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. உங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் அங்கே கூட்டிப் போயிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில் அது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. மன்னன் தன் பெயரோடு பட்டினம் என்று சேர்த்து ஓர் ஊருக்கு வைக்கிறான் என்றால் அங்கே வியாபாரம் நடந்திருக்கிறது, வரி வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வலை காயப்போடுகிற மணல் மேட்டுக்கு எந்த அரசன் தன் பெயரை வைப்பான்? அதே குலசேகரன் காலத்தில்தான் தெற்கே காயல் துறைமுகத்துக்கு அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின, மார்க்கோ போலோ அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். கடல் வாணிபத்தின் ருசி தெரிந்த பாண்டியன், சோழ நாட்டுக் கரை தன் கைக்கு வந்ததும் இங்கேயும் ஒரு பட்டினத்துக்குத் தன் பெயரை வைத்தான்.

மீனவர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1620-ல் கோட்டை கட்ட வந்தவர்கள் வெற்று மணலில் வந்து இறங்கவில்லை. முந்நூறு வயதைத் தாண்டிய கோயிலும் தெருவும் உள்ள ஓர் ஊருக்குத்தான் வந்தார்கள்.

கேள்வி: டென்மார்க் எங்கே, தரங்கம்பாடி எங்கே! இவ்வளவு பெரிய சோழமண்டலக் கரையில் இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? (கல்லூரி மாணவி, திருவாரூர்)

அவர்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. அவர்கள் கிளம்பியது இலங்கைக்கு.

1616-ல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் மிளகிலும் கிராம்பிலும் குவித்துக்கொண்டிருந்த பணத்தைப் பார்த்து வந்த ஆசைதான், வேறு காரணமில்லை. அடுத்த ஆண்டு போஸ்ஹௌவர் என்று ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்கு வந்து சேர்ந்தார். கண்டி அரசர் செனரத் போர்ச்சுக்கீசியரை எதிர்க்க உதவி தேடுகிறார், நான் அவருடைய தூதன், படை கொடுத்தால் வியாபார உரிமை எல்லாம் உங்களுக்கே என்றார். அவர் சொன்னதை நம்பி 1618-ல் ஒப்பந்தம் எழுதி, ஓவே கெட்டே என்ற 24 வயதுப் பையனைத் தலைவனாக்கிக் கப்பல்களை அனுப்பிவிட்டார்கள். (அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகளைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பவே யோசிப்போம்.)

பயணம் படுமோசம். ஒன்றரை ஆண்டு கடலில் கிடந்து, பாதிக்கு மேற்பட்ட ஆட்களை வழியிலேயே பறிகொடுத்து, 1620 மே மாதம் இலங்கைக் கரையைத் தொட்டபோது தூதர் போஸ்ஹௌவரும் உயிரோடு இல்லை. கண்டி அரசரோ அதற்குள் போர்ச்சுக்கீசியரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தார். தன் பெயரைச் சொல்லி போஸ்ஹௌவர் எழுதிக் கொடுத்திருந்த ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். உலகத்தையே பாதி சுற்றி வந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பெரிய கப்பல்களுக்கு முன்னோடியாக ஓரெசுண்ட் என்ற சின்னக் கப்பலை ரோலண்ட் கிராப்பே என்பவர் தலைமையில் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அவர் சும்மா இருக்காமல் போர்ச்சுக்கீசியக் கப்பல்களைச் சீண்ட, 1619 அக்டோபரில் காரைக்கால் கரைக்கு அருகே அவர்கள் ஓரெசுண்டை மூழ்கடித்துவிட்டார்கள். மாட்டிய ஆட்களில் இரண்டு பேரின் தலையைக் கழியில் குத்தி, பின்னால் வருகிறவர்களுக்குப் பாடமாகக் கடற்கரையில் நட்டு வைத்தார்களாம். கிராப்பேயும் 13 பேரும் எப்படியோ கரையேறினார்கள். அவர்களைப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ரகுநாத நாயக்கர் முன்னால் நிறுத்தினார்கள்.

ஊரின் தலையெழுத்து மாறியது அங்கேதான். பிடிபட்டு வந்த ஆள் பேச்சுவார்த்தை நடத்துகிற ஆளாகிவிட்டார். நாகப்பட்டினம் அப்போது போர்ச்சுக்கீசியர் கையில், யாழ்ப்பாணத்தையும் 1619-ல் அவர்கள் பிடித்துவிட்டார்கள், அதை மீட்கத் தஞ்சையிலிருந்து படையே போனது. அப்படிப்பட்ட நேரத்தில், போர்ச்சுக்கீசியரோடு பகை கொண்ட இன்னொரு வெள்ளைக்காரக் கூட்டம் கப்பலும் பீரங்கியுமாக இலங்கைப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் எந்த அரசன்தான் சும்மா அனுப்பிவிடுவான்? நாகப்பட்டினத்துக்குப் போட்டியாகத் தன் கரையிலேயே இன்னொரு வியாபாரி இருந்தால் விலையும் ஏறும், மிரட்டலும் குறையும். இலங்கையில் வெறுங்கையோடு நின்ற கெட்டே தரங்கம்பாடிக்கு வந்தார், 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆக, இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது கோபன்ஹேகன் என்பதைவிடத் தஞ்சாவூர் அரண்மனை என்று சொல்வதுதான் நியாயம். டேனிஷ்காரர்களின் தைரியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ரகுநாதரின் கணக்கைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு.

கேள்வி: ரகுநாத நாயக்கர் ஊரை டேனிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார் என்று படித்தேன். எவ்வளவுக்கு? (வாசகர், கும்பகோணம்)

விற்கவில்லை. கடைத்தெருவில் வாடகைக்குக் கடை பிடிப்பது போல, ஆண்டு வாடகைக்கு விட்டார். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அந்தத் தொகையை 3,111 ரூபாய் என்று குறிப்பிடுவார்கள். கோட்டை கட்டிக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம், தங்கள் மதப்படி வழிபடலாம், ஆனால் வருடா வருடம் தஞ்சாவூருக்குப் பணம் வந்தாக வேண்டும். நாயக்கர் ஆட்சி போய் மராட்டியர் வந்த பிறகும் இந்தக் கப்பம் தொடர்ந்தது, பாக்கி விழுந்தபோதெல்லாம் சண்டையும் வந்தது.

டென்மார்க் அரசருக்கு ரகுநாதர் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். நானூறு ஆண்டுகள் கழித்தும் அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதே காலத்தில் நம் ஊரில் எழுதப்பட்ட ஓலைகளில் எத்தனை கரையானுக்குப் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சரி, அதை விடுங்கள்.

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். கோட்டை இருக்கிறது, துறைமுகத்தைக் காணோமே? கப்பல்கள் எங்கே நின்றன? கடல் விழுங்கிவிட்டதா? (வாசகி, சேலம்)

கடல் ஊரின் ஒரு பகுதியை விழுங்கியது உண்மைதான், மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதி அப்படித்தான் போனது. ஆனால் நீங்கள் தேடுகிற மாதிரி துறைமுகம், அதாவது கப்பல் வந்து ஒட்டி நிற்கிற மேடையும் அலை தடுக்கும் சுவரும், அந்தக் காலத்தில் அங்கே இருக்கவே இல்லை. சோழமண்டலக் கரை முழுக்க இதே கதைதான். கரை ஓரம் ஆழம் கிடையாது, அலை உருண்டு வந்து உடைகிற இடத்தில் பெரிய கப்பலின் அடிப்பகுதி தரை தட்டிவிடும். அதனால் கப்பல் தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவருவது நம் ஆட்கள் வேலை. செய்தி கொண்டுபோகக் கட்டுமரம், மூட்டை முடிச்சுகளுக்கு மசூலாப் படகு.

மசூலாப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையின் வியாபாரமே அதன் மேல்தான் நின்றது. பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் மோதித் தரையில் குத்தினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்து, தண்ணீர் கசிந்தாலும் உடையாமல் கரைக்கு வந்துவிடும். கசிகிற தண்ணீரை இறைத்துக் கொட்ட ஓர் ஆள் கூடவே இருப்பான். எத்தனை பீரங்கி வைத்திருந்த கம்பெனியாக இருந்தாலும் படகோட்டிகள் இன்றைக்குக் கடல் சரியில்லை, போகமாட்டோம் என்றால் அன்றைக்கு வியாபாரம் கிடையாது. கவர்னரே வந்தாலும் கப்பலில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் பருவம். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்பது தற்கொலை. அதனால் அக்டோபர் வாக்கில் கப்பல்கள் இந்தக் கரையை விட்டே ஒதுங்கிவிடும், மழை ஓய்ந்த பிறகுதான் திரும்பும்.

அப்படியானால் இவ்வளவு கஷ்டப்பட்டு இங்கே ஏன் வந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, இந்தப் பக்கம் காவிரி டெல்டா இருந்தது. நெல் விளைகிற பூமி, தறி ஓடுகிற ஊர்கள். தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் கிராம்பும் மிளகும் வாங்க வெள்ளியைவிடச் சுலபமாகச் செல்லுபடியானது சோழமண்டலத் துணிதான். துணியை இங்கே வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைச் சரக்கை எடுத்துக்கொண்டு ஊர் போக வேண்டும், கம்பெனியின் மொத்த வியாபாரமும் அவ்வளவுதான். கிராப்பே முதல் கவர்னராக இருந்த காலத்தில் செலிபஸ் தீவின் மக்காசர் வரைக்கும் போய்க் கிராம்பு வாங்கினார்கள். கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்கு, சிறை, சிப்பாய்களின் இடம், மேலே கவர்னர், பாதிரியார் குடியிருப்பு. அதைப் பார்த்தாலே தெரியும், அது பாதி கோட்டை, பாதி குடோன்.

கேள்வி: டென்மார்க் மறந்துபோய், கடைசியில் ஒரே ஒரு டேனிஷ்காரர் மட்டும் கோட்டையைக் காத்தார் என்று எங்கோ கேட்டேன். கட்டுக்கதையா? (பள்ளி ஆசிரியர், சிதம்பரம்)

கட்டுக்கதை மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நடந்தது. கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்தே பணமில்லை. 1643-ல் வில்லெம் லேயல் என்பவர் கப்பலில் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குக் கப்பலே வரவில்லை. அங்கே ஸ்வீடனோடு சண்டை, கஜானா காலி. 1650-ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள், ஆனால் கலைத்த கம்பெனியின் ஆட்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்களே! சம்பளம் கிடையாது, சரக்கு வாங்கப் பணம் கிடையாது. என்ன செய்வார்கள்? வங்காள விரிகுடாவில் போகிற வருகிற கப்பல்களைப் பிடித்தார்கள். வங்காளத்தில் தங்களுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கிறோம் என்று சொல்லி 1642-ல் முகலாயப் பேரரசின் மேலேயே போர் அறிவித்திருந்தார்கள். நான்கு சுவரும் சில பீரங்கியும் வைத்திருந்த கூட்டம் டில்லி பாதுஷா மேல் போர் அறிவித்தது. டில்லிக்கு அது காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்தான், ஆனால் வங்காளத்து வியாபாரிகளுக்கு நன்றாகவே வலித்தது. சட்டம் எதுவும் சொல்லிக்கொள்ளட்டும், எளிய தமிழில் அது கடற்கொள்ளை.

ஒவ்வொருவராகச் செத்தும் போயும் 1655 வாக்கில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒருவர்தான் மிஞ்சினார். கோட்டையில் இருந்த உள்ளூர் மக்களே அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். வாடகை பாக்கி என்று நாயக்கர் படை வந்து பல தடவை முற்றுகை போட்டது. பிடித்த கப்பல்களின் சரக்கை விற்ற காசில் அவர் கோட்டையைச் செப்பனிட்டார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், கடைசியில் தஞ்சாவூரோடு சமாதானமும் பேசி முடித்தார். 1669-ல் ஃபேரோ என்ற கப்பல் வந்தபோது, கொடி இன்னும் பறந்துகொண்டிருப்பதைப் பார்த்து வந்தவர்களுக்கே ஆச்சரியம். அவரையே கவர்னராக உறுதி செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு புதிய கம்பெனி தொடங்கியது.

ஆனால் "தனி ஆளாகக் காத்தார்" என்ற வார்த்தையை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் திருத்திச் சொல்லுங்கள். ஓர் ஆளால் மதில் கட்ட முடியுமா, முற்றுகையைத் தாங்க முடியுமா, கப்பல் பிடிக்கத்தான் முடியுமா? அவருடன் நின்றவர்கள் அத்தனை பேரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கேள்வி: தமிழில் முதன்முதலில் புத்தகம் அச்சடித்தது தரங்கம்பாடியில்தானே? வினாடி வினாவில் இதைச் சொல்லித் தோற்றுவிட்டேன்! (வாசகர், திருச்சி)

நடுவர் பக்கம்தான் நியாயம். தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் அச்சானது, "தம்பிரான் வணக்கம்". தரங்கம்பாடிக்கு வேறு பெருமை உண்டு. சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு கிறிஸ்தவப் பாதிரியார்கள் 1706 ஜூலை 9-ம் தேதி டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி இங்கே வந்து இறங்கினார்கள், இருவரும் ஜெர்மானியர்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் படித்தவர். அரசர் அனுப்பிய ஆளாக இருந்தும் உள்ளூர்க் கவர்னருக்கு அவரைப் பிடிக்கவில்லை, 1708-ல் பிடித்துக் கோட்டைக்குள்ளேயே நான்கு மாதம் அடைத்து வைத்தார். மக்களைக் கிளப்பிவிடுகிறவன் வியாபாரத்துக்கு ஆகாது என்ற எண்ணம்தான்.

அச்சு இயந்திரத்தை லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவ சங்கம் அனுப்பியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்தன. பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய பெரிய எழுத்து, காகிதமோ தங்க விலை, அப்படியே அச்சடித்தால் மொத்த இருப்பும் பாதிப் புத்தகத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் எழுத்தைச் சின்னதாக இங்கேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கினார்கள்! பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. அடுத்த வினாடி வினாவில், இந்திய மொழி ஒன்றில் முதன்முதலில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் எது என்று கேட்டால் தயங்காமல் தரங்கம்பாடி என்று சொல்லுங்கள்.

கேள்வி: டேனிஷ்காரர்கள் எப்போது போனார்கள்? (வாசகர், நெய்வேலி)

1845-ல் வங்காளத்து சீராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓட ஆரம்பித்ததும் மிச்சமிருந்த சரக்கும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா கூட்டிப் போகிறோம். எதை முதலில் காட்டலாம்? (தலைமை ஆசிரியை, விருத்தாசலம்)

நகர வாசலில் நுழைந்ததும் எல்லோரும் நேராகக் கோட்டைக்கு ஓடுவார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அந்த வாசலே 1792-ல் திரும்பக் கட்டியது, ஊர் வயதுக்கு நேற்றுப் பிறந்தது. முதலில் மாசிலாமணி நாதர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், 1306 என்ற எண்ணைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். அங்கிருந்து கடற்கரை வழியாகவே கோட்டைக்கு வரலாம். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கீழே கிடங்கு அறைகளில் பிள்ளைகளை நிற்க வைத்து இங்கே என்ன வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பீரங்கிக் குண்டு என்பார்கள், துணி மூட்டை என்று நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள், 1701-ல் கட்டிய சீயோன், 1718-ல் கட்டிய புது எருசலேம். புது எருசலேமின் முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீட முத்திரை இருக்கும், உள்ளே சீகன்பால்கின் கல்லறை. 36 வயதில் இறந்துவிட்டார்.

வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள், கோட்டைக்கு முன்னால் இருக்கிற மைதானத்தில் நிழல் கிடையாது. கோட்டையிலிருந்து கடலில் இறங்க விடாதீர்கள், அந்த அலையைப் பற்றித்தான் சேலம் வாசகிக்கு மேலே எழுதியிருக்கிறேன்.